குளிருக்கு முன்னால்

– ஏண்ணே அணைச்ச?

– பின்ன? நீ மூக்க உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கிறத கனடாக்காரன் பாக்கணுமா? பில்லு போடுற கம்ப்யூட்டருதானே. கடை சாத்துறப்ப அணைக்கிற மாதிரி பட்டனத் தட்டிட்டேன். படமும் போச்சு, சத்தமும் போச்சு.

– அது இன்டர்வியூ, ஹாமித் அண்ணே. அவங்ககிட்ட இருந்ததே ஒரு ஆராய்ச்சி சீட்டு.

– நீதான் வாயே தொறக்கலையே, அஃப்சானா. மூணு பேரும் உன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதுல ஒருத்தரு நம்மாளு நிறத்துல இருந்தாரே, யாரு?

– டாக்டர் இனிகோ. அவருதான் கேள்வி கேட்டாரு. பதில் தெரியும்ணே. இங்கிலீஷ்ல சொல்லத்தான் வரல.

– அப்படி என்னத்தக் கேட்டாரு?

– உனக்கெதுக்கு அது?

– வீட்டுல நெட்டு நிக்காது, புள்ள கடையில உக்காரட்டும்னு அத்தாகிட்ட மல்லுக்கட்டுனவன் நானு. நாளைக்கு அத்தாவுக்கு யாரு பதில் சொல்றது? மதியக் கூட்டம் போயிருச்சு. சொல்லு.

– அங்க ஒரு தட்டை மீனு இருக்கு. கடலே உறையுற குளிர்லயும் அதோட ரத்தம் உறையாது.

– ஒடம்புல உப்பு சாஸ்தியோ?

– உப்பு பத்தாது. ஈரல்ல ஒரு புரதம் செய்யும். ரத்தத்துல ஊசிமொனையாட்டம் ஐஸ் வந்தாப் போதும், அந்தப் புரதம் போயி ஒட்டிக்கிடும். மேக்கொண்டு வளர விடாது.

– நம்ம அத்தா மாதிரி.

– கேளுண்ணே. கோடையில அது தேவையில்ல, அதனால மீனு செய்யாது. குளிர்காலம் வந்தாச் செய்யணும். இவங்க லேப்புத் தொட்டித் தண்ணிய ஐஸாட்டம் குளிர வச்சும் மீனு செய்யலையாம். ஏன்னு கேட்டாரு.

– குளிரு பத்தலையோ என்னமோ.

– அதத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. சாணார்பட்டியில காமராஜ் அண்ணன் கோழிப் பண்ணையில பொழுது சாஞ்சா பல்பு போடுறாரே, எதுக்கு?

– பகல் நீளமா இருக்குன்னு கோழி நம்பிரும். மார்கழியிலயும் முட்டை கொறையாது. அங்க கரண்டு போனா நம்ம கடைக்கு முட்டை வராது, தெரியாதா எனக்கு?

– மீனும் பகலத்தான் பாக்குது. பகல் நீளமா இருக்குற வரைக்கும் மூளைக்கு அடியில இருக்குற சுரப்பி வளர்ச்சி ஹார்மோன விட்டுக்கிட்டே இருக்கும். அது ஈரலப் புடிச்சு நிறுத்தி வச்சிருக்கும், செய்யாதேன்னு. பகல் சுருங்குனா ஹார்மோன் கொறையும். அப்ப ஈரல் வேலைய ஆரம்பிக்கும். குளிரு வந்து சேந்தப்பறம் ஆரம்பிச்சா மீனு வெறச்சுச் செத்துரும். அதுனால முந்திக்கிடுது.

– அப்ப அந்தத் தொட்டி ரூமுல…

– பொழுதுக்கும் லைட்டு எரியுதுன்னு அர்த்தம். தண்ணியில கோளாறு இல்ல. நேரத்தோட லைட்ட அணைச்சா மீனு தன்னால செய்யும்.

– இம்புட்டையும் அந்தாளுகிட்டச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன, கழுத.

– நீ அணைக்காம இருந்திருந்தா சொல்லியிருப்பேன்.

– கிழிச்ச. இரு, திருப்பிப் போட்டுப் பாப்போம்.

– கட்டானது கட்டானதுதாண்ணே. இந்நேரம் அடுத்த ஆளக் கூப்புட்டிருப்பாங்க.

– எங்க? ரெண்டு பேரு அப்படியேதான் இருக்காங்க. ஒரு நாற்காலி மட்டும் காலியா இருக்கு. இந்தா, அந்தம்மாவும் ஓடி வருது. மூச்சு வாங்குது.

– அண்ணே, தெனம் கடை சாத்துறப்ப நீ எந்தப் பட்டனத் தட்டுவ?

– இந்தா, டிவி மாதிரி இருக்குறதுக்குக் கீழ இருக்கே, இதத்தான். ஏன், பொட்டியில வேற இருக்கா?

– தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்து இனிகோ கதைக்கிறன். நீங்கள் அண்ணாவுக்குச் சொன்னதெல்லாம் எங்களுக்குக் கேட்டது, அதை இவையளுக்கு நான் இங்கிலீசில சொல்லிக்கொண்டிருந்தனான், இவ ஓடிப்போய்ப் பார்த்திட்டு வாறா, தொட்டி அறையில டைமர் பழுதாகி லைட் அணையிறதே இல்லையாம், நீங்கள் எப்ப இஞ்ச வாறீங்கள்?