மாலை போட்ட வீட்டு டிரையர்

ரங்கம்மா: ...அதான் சொல்றன், வாசல்லயே நிக்காத தம்பி. உள்ளார வா.

நல்லுசாமி: இல்லக்கா... உங்க வீட்டுக்காரச் சாமி மலைக்கு மாலை போட்டிருக்காரு. மாடியில எங்களுக்குப் பிள்ள பொறந்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. குடியிருக்கிறவன் நானு, வீட்டுக்காரவுக விரதத்தக் கெடுத்தேன்னு பேரு வேணுமா?

ரங்கம்மா: பதினாறாம் நாளு புண்ணியதானம் பண்ணிட்டு எனக்குக் கேசரி கொண்டாந்து குடுத்தியே, அதோட உனக்குத் தீட்டு கழிஞ்சுது. வீரலட்சுமியும் குழந்தையுந்தான் இன்னும் கொஞ்ச நாளு எறங்கக் கூடாது. நீ வா.

நல்லுசாமி: சரி, வந்துட்டேன். என்ன கோளாறு?

ரங்கம்மா: வாஷிங் மெஷினு. தொவைக்கிற தொட்டி நல்லாத்தான் ஓடுது. பக்கத்துல துணி பிழியற டிரையரு இருக்குது பாரு... அதப் போட்டா வூடே அதிருது. எதுத்த வூட்டு நஞ்சம்மா வந்து, சானமாவுக் காட்டு யானை எறங்கிடுச்சா, யாராவது தகரம் தட்டறாங்களான்னு கேக்கறா.

நல்லுசாமி: நாலு நாளா மாடிக்கும் கேக்குது. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தா, பத்து மணிக்குக் கட்டிலு நடக்க ஆரம்பிச்சிருது.

ரங்கம்மா: அப்பவே எறங்கி வந்து சொல்லக் கூடாதா?

நல்லுசாமி: சொல்லலாம்னுதான்... விடுங்க. பிளக்கப் புடுங்கியாச்சா?

ரங்கம்மா: புடுங்கிட்டன். வெரசாப் பாரு. மூணரைக்கு அவரு கம்பெனி பஸ்சு வந்துடும்.

நல்லுசாமி: வரட்டுமே. சாமியும் ஒரு கை குடுத்தா மெஷினத் திருப்ப லேசாயிருக்கும்.

ரங்கம்மா: வேணாம். அவரு வர்றதுக்குள்ள முடிச்சுடு.

நல்லுசாமி: ஏன்க்கா? கம்பெனியில தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புல இருபது வருஷம் மெஷினோட குடும்பம் நடத்துறவரு. அவரவிட்டுட்டு, தூங்குறவன எழுப்பிக் கூட்டியாந்து...

ரங்கம்மா: சும்னிரப்பா. வாய விட்டுட்டு கைய ஓட்டு.

நல்லுசாமி: கன்னடத்துல அதட்டுனா கோவில்பட்டிக்காரனுக்குப் புரியாதுன்னு நெனச்சீகளா? ஓசூருக்கு வந்து ஆறு வருஷமாச்சு... சரி, துணியப் போடுறப்ப எல்லாத்தையும் ஒரே பக்கமா அமுக்கிருவீகளோ? ஒரு பக்கம் கனத்தாலும் இப்படித்தான் ஆடும்.

ரங்கம்மா: சுத்தியும் பரப்பித்தான் போடுவன். கனமே இருக்காது. எல்லாம் சின்னச் சின்னத் துணி.

நல்லுசாமி: இருக்கிறது நீங்க ரெண்டே பேரு. உங்க சேலை, சாமியோட கருப்பு வேட்டி. சின்னத் துணி ஏதுக்கா?

ரங்கம்மா: ...கைக்குட்டை.

நல்லுசாமி: தெனமுமா?

ரங்கம்மா: நீ ரிப்பேரு பண்ண வந்தியா, விசாரண பண்ண வந்தியா?

நல்லுசாமி: ரிப்பேருதான். ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டாங்க.

ரங்கம்மா: குடிக்கவா?

நல்லுசாமி: மெஷினு மேல வைக்க. தர மட்டமா இருக்கான்னு தண்ணி சொல்லிரும்... பாத்தீகளா, சொவத்துப் பக்கம் சாயுது. இந்தக் காலுக்குக் கீழ அட்டைய மடிச்சுச் சொருகுறேன்... இப்பச் சரி. பிளக்கப் போடுங்க, துணியில்லாம ஓட்டிப் பாப்போம்.

ரங்கம்மா: போட்டன்... கேட்டியா?

நல்லுசாமி: ஆட்டம் போயிருச்சு. கரகரப்பு போகல. காலியா ஓடும்போதே கரகரங்குதுன்னா உள்ள என்னமோ சிக்கியிருக்கு. நிறுத்திருங்க, பிளக்கையும் புடுங்குங்க. கையால மெதுவாச் சுத்துறேன்... காதக் கிட்டக் கொண்டாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே எடத்துல கீறுது.

ரங்கம்மா: ஆமா... தேங்கா துருவற மாரி.

நல்லுசாமி: டார்ச் அடிங்க. சுத்துற டப்பாவுக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவுல... இன்னும் கீழ... அந்தா மினுங்குது. பழைய சைக்கிள் கம்பி இருந்தா, நுனிய வளச்சுக் குடுங்க.

ரங்கம்மா: இந்தா. பாத்து, கைய கிழிச்சிக்காத.

நல்லுசாமி: வருது... வழுக்குது... வந்துருச்சு.

ரங்கம்மா: என்னாது அது?

நல்லுசாமி: ஊக்கு. வாயத் தொறந்து ஓட்டையில மாட்டிக்கிட்டு, சுத்துறப்பல்லாம் தொட்டியக் கீறியிருக்கு.

ரங்கம்மா: ஊக்கா... இருக்காதே.

நல்லுசாமி: கையில வச்சிருக்கேன், இருக்காதுங்கிறீக.

ரங்கம்மா: இல்லப்பா, நான் ஒவ்வொண்ணா எண்ணிக் கழட்டி வெச்சுட்டுத்தானே...

நல்லுசாமி: எதுலருந்து கழட்டி?

ரங்கம்மா: அத இப்படிக் குடு.

நல்லுசாமி: அக்கா, இது பச்சை மூடி போட்ட ஊக்கு. குழந்தத் துணி காத்துக்குப் பறந்துறக் கூடாதுன்னு வீரலட்சுமி கொடியில குத்தி வைக்கிறது.

ரங்கம்மா: அவருகிட்ட சொல்லிடாத தம்பி. உன் காலப் புடிச்சுக்கறன்.

நல்லுசாமி: என்ன பேச்சு பேசுறீக... எனக்குத் தெரியும்க்கா.

ரங்கம்மா: என்னா தெரியும்?

நல்லுசாமி: பத்து நாளாத் தெரியும். தண்ணித் தொட்டி ரொம்புச்சான்னு பாக்க ஏறுனேன். நீங்க ஈரத் துணியெல்லாம் வாளியில போட்டு, சத்தமில்லாம படி எறங்குனீக. அர மணி நேரத்துல திரும்ப ஏறி, எடுத்தது எடுத்தபடி கொடியில குத்துனீக. வீரலட்சுமி என்ன சொல்லுறா தெரியுமா? ஓசூர்க் காத்து பொல்லாத காத்து, தூறல்லயும் துணிய ஒணத்திருதுங்கிறா.

ரங்கம்மா: தெரிஞ்சும் பேசாம இருந்தியா?

நல்லுசாமி: சொன்னா கூச்சப்பட்டு நிறுத்திருவீகளோன்னு பயம். மொத வாரம் ஈரத் துணியக் கட்டி, சளி புடிச்சு, பிள்ள மூச்சு விட முடியாம தவிச்சது உங்களுக்கே தெரியும். நீங்கதான ஆட்டோ புடிச்சு விட்டீக. அதுக்கப்புறம் ஒரு தும்மல்கூட இல்ல. எங்க ஆத்தாவும் ஊருக்குப் போயிருச்சு, இங்க எங்களுக்கு வேற யாரு இருக்கா? தெனம் பத்து மணிக்கு இந்த மெஷினு ஓடுற சத்தம் கேக்கும்போது, படுத்த எடத்துலருந்தே ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் தூங்குறேன்.

ரங்கம்மா: கும்புடாதப்பா. நான் பண்ணது பாவமோ என்னமோன்னு எனக்கே தெரியல.

நல்லுசாமி: இதுல என்னக்கா பாவம்?

ரங்கம்மா: மாலை போட்ட வூடு இது. அவரு வேட்டி பிழியற டிரையர்ல புள்ள பெத்த வூட்டுத் துணியப் போட்டுட்டன். மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவிட்டுத்தான் அவரு துணியப் போடறன்... ஆனாலும் மனசு அடிச்சுக்குது. போன வருஷம் பிரஸ்ல அவரு கை மாட்டுச்சே. கம்பெனி டாக்டரே விரலு தேறாதுன்னாரு. அஞ்சும் பொழச்சுது. அந்த வேண்டுதலுக்குத்தான் மலைக்குப் போறாரு. ஞாயித்துக்கெழம இருமுடி கட்டு. என்னால விரதம் கெட்டு, மறுபடி அந்தக் கைக்கு ஏதாவது ஆச்சுன்னா...

நல்லுசாமி: அப்படியெல்லாம் ஆகாதுக்கா.

ரங்கம்மா: குழந்த ஈரத்துல கெடந்து அழுவறதும் காதுல வாங்க முடியல. நான் என்னா பண்ணட்டும்... இரு, பஸ்சு சத்தம் கேக்குது. வந்துட்டாரு. அந்த ஊக்கப் பாக்கெட்ல போடு.

திம்மராயன்: சாமி சரணம். என்னா இது, மெஷின நட்டநடு வூட்டுல இழுத்து வெச்சிருக்கீங்க?

நல்லுசாமி: சாமி சரணம். டிரையர்ல சத்தம் வருதுன்னு அக்கா கூப்பிட்டாக. சரி பண்ணிட்டேன் சாமி.

திம்மராயன்: என்னா இருந்துச்சு உள்ளார?

நல்லுசாமி: ஒண்ணுமில்ல... ஒரு கம்பித் துண்டு.

திம்மராயன்: எங்க, காட்டு.

நல்லுசாமி: அது... தூக்கிப் போட்டுட்டேனே.

ரங்கம்மா: வேணாம் தம்பி. எனக்காக நீ மாலை போட்டவர்கிட்ட பொய் சொல்லாத. சாமி, ஒரு தப்பு நடந்துபோச்சு. மாடியில காயற குழந்தத் துணிய எடுத்தாந்து, நான்தான் இதுல பிழிஞ்சன். இருவது நாளா. உங்க விரதத்துக்குக் கொற வந்திருந்தா அது என் தலையில வரட்டும், உங்க கைக்கு வரக் கூடாது.

திம்மராயன்: அந்த டார்ச்ச இப்படிக் குடு.

ரங்கம்மா: டார்ச்சு இருக்கட்டும், ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது திட்டுங்க.

திம்மராயன்: உள்ளார இருந்தது ஊக்குதானே?

நல்லுசாமி: ஆமா சாமி. இந்தா இருக்கு. உங்களுக்கு எப்படி...

திம்மராயன்: சத்தம் எந்த நாள்ல இருந்து வருது?

ரங்கம்மா: கல்லாவிக்குப் போயி அக்கா வூட்டுல தங்கிட்டு, மறுநாளு வந்து போட்டன். அந்தச் சனிக்கெழமதான் மொத மொத கரகரன்னுச்சு. நான் எண்ணிக் கழட்டி, எண்ணிக் குத்தறவ. இந்த ஒண்ணு எப்படி உள்ளார போச்சுன்னுதான் வெளங்கல.

நல்லுசாமி: இருங்கக்கா. அப்ப வெள்ளிக்கெழம நீங்க ஊர்ல இல்லயா?

ரங்கம்மா: கல்லாவியிலன்னு சொல்றனே.

நல்லுசாமி: அன்னைக்கு விடாத மழ. அன்னைக்கும் துணியெல்லாம் பிழிஞ்சு, மடிச்சு, எங்க வாசப்படியில இருந்துச்சே. மடிப்புதான் கோணலும் மாணலுமா இருந்துச்சு. அவசரத்துல அக்காதான் வச்சுட்டுப் போயிருக்காகன்னு...

ரங்கம்மா: நான் வெக்கலயே. அப்ப யாரு...

திம்மராயன்: வெள்ளிக்கெழம எனக்குக் கம்பெனி லீவு. மேல குழந்த அழுவுது, மழ நிக்கற மாரி தெரியல, தெனமும் திருட்டுத்தனமா எறக்கியாந்து பிழியற நீயும் ஊர்ல இல்ல... கொடியில இருந்து அப்படியே உருவியாந்து, மாலையோடதான் போட்டன், சரணம் சொல்லிக்கிட்டேதான் போட்டன். ஊக்கக் கழட்டணும்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வெச்சிருந்தா, இந்தச் சத்தமே வந்திருக்காது ரங்கம்மா.