பேட்டரி போய்ச் சேராத வண்டி

செத்தவருக்கு மறு உலகத்தில் ஒரு குறையும் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஹனோய்க்காரர்களின் மாறாத அறம். ஆகவே வீடு, வண்டி, கைபேசி எல்லாவற்றையும் கொளுத்தி அனுப்பிவிடுவோம். காகிதத்தில் செய்ததுதான், மலிவு.

மழை விடும்வரை பாலத்தடியில் நெருங்கி உட்காருங்கள். இது நம் லுவோங்கின் மச்சான் டியெப்புக்கு நடந்தது. ஒரு விடுதியில் இரவுக் காவல்.

மணி இரண்டு பத்து... தாமரைக்குளச் சந்தில் ஒரு நாய்கூட இல்லை. கீழ்த்தளத்தில் மின்வண்டிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. மேலே நாற்பத்தொரு பேர் தூக்கம்.

சரக்... சரக்...

செருப்புத் தேய, யாரோ கனமான வண்டியைத் தள்ளி வருகிற சத்தம். வாசலில் நின்றது. காகிதம் எரிந்த வாடை. கதவைத் திறந்தால்... யாருமில்லை.

திரும்பினான். நகப்பூச்சு மாதிரி ஓர் இனிப்பு நெடி. மூலையில் ஒதுக்கி வைத்திருந்த பேட்டரி, தானாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வயிறு ஊதிய பேட்டரி. தொட்டால் கொதித்தது.

அது குயெனுடையது. அதே விடுதியில் தங்கி, மின்வண்டியில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோனவன், போன மாதம் லாரியில் அடிபட்டுச் செத்தான். அவன் அம்மா துணிமணிகளைக் கொளுத்தினாள். ஒரு காகித மின்வண்டியையும் கொளுத்தினாள். பேட்டரியைத் தீயில் போட முடியுமா? வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. பேட்டரி சேரவில்லை.

“பெட்ரோல் வண்டிய கொளுத்தியிருந்தா இந்த வம்பே இல்லியே!” என்கிறான் லுவோங். சும்மா இருடா.

மூன்று இரவும் அப்படியே. டியெப் பிடுங்கி வைப்பான். இரண்டு பத்துக்கு மறுபடி ஏறிக்கொண்டிருக்கும். நான்காம் இரவு அது சீறியது... ஸ்ஸ்ஸ்...

விடுதிக்காரர் பாக் ஐயாவை எழுப்பினான். அவர் தலைக்கு மேல் தீப் பாதுகாப்பு விருது. அவரே அச்சடித்தது.

“ஐயா, இது வெடிச்சா மேல இருக்குற அத்தனை பேரும் சாம்பல்.”

“பேட்டரிய தீயில போடப்படாது, தண்ணியில போடப்படாது, குப்பையில போடப்படாது. விதின்னு ஒண்ணு இருக்கு தம்பி.”

“அப்ப எங்கதான் போடுறது?”

“கால்வாய்ல. யாரும் பாக்காதப்போ.”

டியெப் கேட்கவில்லை. மணல் வாளியில் புதைத்து, விடியும்போது மறுசுழற்சி மையத்துக்குக் கொண்டுபோனான். ‘உலையில் உருக்கப்படும்’ என்று வாசலில் ஆளுயரப் பலகை. உருக்கினால் குயெனுக்குப் போய்ச் சேரும் அல்லவா? படிவத்தில் பெறுநர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதினான்.

“பெறுநர் நாங்கதான்யா” என்றாள் அங்கிருந்தவள்.

“இருக்கட்டும் அக்கா. கேக்குறது அவன்தான்.”

அன்றிரவு இரண்டு பத்து... சரக்... சரக்... சத்தம் வாசலில் நிற்கவில்லை. தாண்டி, பெரிய சாலைப் பக்கம் போனது. இன்னும் தள்ளிக்கொண்டுதான்...

அந்த மையத்தில் உலை கிடையாது. ஊதியதைப் பிரித்து, புது உறை மாட்டி, பின்வாசலில் பாதி விலைக்குத் தருகிறார்கள். போன வாரம் என் மின்வண்டிக்கு நானும் ஒன்று வாங்கினேன்.