மாலையானால் மஞ்சளித்த திரை

இந்தப் பேரவையின் தலைமை நாற்காலியைத் தன் தோள்களால் நிறைத்து அமர்ந்திருக்கும் எங்கள் பெயிண்ட் கடை முதலாளி அவர்களே! நான் வாயைத் திறக்குமுன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளர் அவர்களே! ஏணியே வீடாக, தூரிகையே துணையாக வாழும் என் தொழில் தோழர்களே! எந்தச் சுவருக்கு எந்த நிறம் என்பதில் இறுதித் தீர்ப்பு வழங்கும் தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்து, "தம்பி, அளவா பேசு" என்று கண்ணாலேயே மிரட்டும் என் அக்கா அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பெரிய படிப்பாளி அல்ல. பள்ளிக்கூடத்தில் பாடம் படித்த நாட்களைவிடப் பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடித்த நாட்கள் அதிகம். ஆனாலும் கம்ப்யூட்டர் திரைக்கு வரும் நோயைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவன் இந்த மன்றத்தில் யார்? அடக்கத்தோடு அறிவிக்கிறேன், அடியேன்தான். பின்னால் சிரிக்கிறார்கள். சிரியுங்கள் ஐயா, சிரித்து முடித்த பிறகு கைதட்டவும் கொஞ்சம் தெம்பு வைத்திருங்கள்.

முதலாளியின் கடையிலே வண்ணம் கலக்கும் எந்திரம் ஒன்று உண்டு. அதை ஆள்வது ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரை ஆள்பவள் என் அக்காள் மகள். நீங்கள் உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு போய், "இதே நிறம் வேண்டும்" என்பீர்கள். அவள் அந்தச் சில்லைத் திரைக்குப் பக்கத்தில் பிடிப்பாள். சில்லும் திரையும் ஒரே நிறமாகத் தெரியும்வரை கூட்டுவாள், குறைப்பாள், பிறகு ஒரு பொத்தானை அழுத்துவாள். எந்திரம் டப்பாவில் சாயத்தைச் சொட்டும். அவள் கலந்த நிறத்தைப் பூசி, பழைய சுவர் எங்கே முடிந்தது, புதுச் சுவர் எங்கே தொடங்கியது என்று தெரியாமல் நானே சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அப்படிப்பட்ட கண்ணுக்கு வந்தது ஒரு சோதனை. காலையில் அவள் கலந்த நிறமெல்லாம் கச்சிதம். மாலையில் கலந்ததெல்லாம் கோளாறு. பல் மருத்துவர் ஒருவர் தன் அறைச் சுவரின் சில்லைக் கொடுத்து, அதே பாலாடை நிறம் கேட்டார். மாலையில் வாங்கி வந்து, மறுநாள் நான்தான் பூசினேன். காய்ந்ததும் பார்த்தால் நீலம் பாய்ந்து நிற்கிறது சுவர். உள்ளே நுழைந்த நோயாளிகள், பல்லைப் பிடுங்கவா உயிரைப் பிடுங்கவா என்று கேட்காத குறை.

ஈரத்திலேயே தெரியாதா என்று கேட்கிறார் அந்த அண்ணன். நல்ல கேள்வி. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம், இது பெயிண்டின் பிறவிக்குணம். அதனால்தான் எந்திரம் வந்த நாளிலேயே முதலாளி ஒரு சட்டம் போட்டார்: "ஈரத்தை நம்பாதே, திரையை நம்பு." நம்பினோம். அந்தத் திரையே தடுமாறும் என்று யார் நினைத்தோம்?

திரை மீது யாருக்கும் சந்தேகம் வரவில்லை, தாய்மார்களே. சந்தேகம் அவள் மீது வந்தது. "பொண்ணுக்குச் சாயங்காலம் ஆனா கண்ணு மங்குது" என்றார் ஒருவர். "நிறமே தெரியலையாம்" என்றார் அடுத்தவர். கடையில் முளைத்த பேச்சு தெருவில் தழைத்து, என் அக்கா வீட்டு வாசலில் வந்து காய்த்தது. முதலாளியும் மனமில்லாமல்தான் சொன்னார், வரும் வாரம் முதல் அவள் பில் போடும் இடத்துக்குப் போகட்டும், எந்திரத்துக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்று.

அன்று அவள் என் வீட்டுக்கு வந்தாள். துணிக்கொடியில் காய்ந்த தன் அத்தையின் புடவையைக் காட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "மாமா, உண்மையைச் சொல்லுங்க. அது பச்சைதானே?"

பச்சைதான். கிளிப்பச்சை. ஆனால் நிறத்தையே நெஞ்சில் சுமந்த பிள்ளை நிறத்தைக் கேட்கிறாள். ஊர் பேசியதை எல்லாம் தாங்கிய எனக்கு அந்த ஒரு கேள்வியைத் தாங்க முடியவில்லை. "பச்சைதான்மா" என்றேன். அவள் கண்ணைத் துடைத்தாள், எழுந்தாள். "அப்போ குத்தம் என் கண்ணுல இல்ல. எங்க இருக்குன்னு பாத்துடுறேன்" என்றாள்.

அழுது ஓய்ந்தாளா? இல்லை. அடங்கினாளா? இல்லை. அலசினாள்!

மறுநாள் மாலை, ஊர்வாய் முழுவதும் கடையில் கூடி நிற்க, வேலையைத் தொடங்கினாள். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்: தாள் வெள்ளை, வெள்ளையாக இருக்க வேண்டிய திரை மஞ்சள்! முதலில் ஒயரைக் கழற்றி மாட்டினாள். மஞ்சள். வேறு ஒயர் மாற்றினாள். மஞ்சள். நான் என் பங்குக்கு மானிட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். என் கை தட்டினால் ஓடாத மின்விசிறியும் ஓடும். "மாமா, கைய எடுங்க" என்றாள். எடுத்தேன்.

பிறகு கேட்டாள், வேறு திரை வேண்டும் என்று. விடுவேனா? வீட்டுக்கு ஓடினேன். கதவளவு டி.வி.யைக் கழற்றினேன். தோளில் தூக்கிக்கொண்டு நடு ரோட்டில் நான் நடந்தபோது, பேருந்துகள் நின்றன, லாரிகள் வழிவிட்டன, போக்குவரத்துக் காவலர் சல்யூட் அடித்தார். அக்கா தலையில் கை வைக்கிறாள். சரி, சல்யூட் வேண்டாம், விலகி நின்றார்.

கம்ப்யூட்டரை அந்த டி.வி.யில் மாட்டினாள். என்ன ஆனது? அதுவும் மஞ்சள்! கண்ணாடி மாறியும் கறை மாறவில்லை. அப்படியென்றால் குற்றம் கண்ணாடியில் இல்லை, கம்ப்யூட்டருக்குள்ளே ஓடும் ஏதோ ஒரு புரோகிராமில் இருக்கிறது. இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியது என் டி.வி. என்பதை இந்த மன்றம் மறக்கலாகாது.

அடுத்து, உயிர் தரிக்கத் தேவையானதை மட்டும் ஓடவிட்டு, பின்னால் சேர்ந்த புரோகிராம்களை எல்லாம் உறங்கவைத்து, கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பினாள். திரை பால்போல் வெளுத்தது. கூட்டம் கைதட்டியது. "முடிஞ்சுதும்மா, எல்லாத்தையும் அழிச்சுட்டு வேலையைப் பாரு" என்றார் முதலாளி.

அங்கேதான், அவையோரே, அவள் அசையாமல் நின்றாள்.

"எல்லாத்தையும் அழிச்சா திரை சரியாயிடும் ஐயா. ஆனா எது பண்ணுச்சுன்னு தெரியாம போயிடும். என் கண்ணு மேல சொன்ன பேச்சு அப்படியே நிக்கும்."

ஒவ்வொன்றாக எழுப்பினாள். ஒன்றை எழுப்புவாள், திரையைப் பார்ப்பாள். வெள்ளை. அடுத்ததை எழுப்புவாள். வெள்ளை. பொறுமை இழந்தவர்கள் போனார்கள். அவள் பொறுமை போகவில்லை. பிறகு ஒன்றை எழுப்பினாள். திரை மெல்ல மெல்லப் பழுத்தது, மாம்பழம் போல! பொழுது சாய்ந்தால் கண் கூசாமலிருக்கத் திரையை மஞ்சளாக்கும் புரோகிராம். அந்த மஞ்சளை ஈடுகட்டத்தான் அவள் அறியாமலே நீலத்தைக் கூட்டியிருக்கிறாள். கலந்த கை சரி, கண்ட கண் சரி, காட்டிய திரைதான் பொய்!

யார் போட்டது அதை? முதலாளி மெல்லச் சொன்னார்: "நான்தாம்மா போட்டேன். நாள் முழுக்கத் திரையையே பாக்குறே, உன் கண்ணு கெட்டுடக் கூடாதேன்னு."

தலைவர் அவர்களே, முகத்தை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். உங்கள் அன்பில் அழுக்கில்லை. ஆனால் சொல்லாமல் செய்த அக்கறை, அந்தப் பிள்ளையைத் தன் கண்ணையே சந்தேகிக்க வைத்தது. அதையும் சொல்ல வேண்டுமல்லவா?

அவள் கோபிக்கவில்லை. அந்தப் புரோகிராமை நீக்கினாள். மருத்துவரின் சில்லை எடுத்தாள், அதே மாலையில், அதே விளக்கின் கீழ், புதிதாகக் கலந்தாள். ஒரு பலகையில் பூசி, காயும்வரை எல்லோரையும் காத்திருக்க வைத்தாள். காய்ந்த பலகை மேல் சில்லை வைத்தாள். சில்லைக் காணோம் ஐயா! தடவித்தான் கண்டுபிடித்தோம்.

ஆகவே தோழர்களே, ஒன்று கேட்கிறேன். கோளாறு கண்டால் முதலில் ஆளைக் குறை சொல்லலாமா? கருவியைச் சோதிக்காமல் கண்ணைக் குருடு என்னலாமா? கூடாது! இனி இந்தப் பேரவையைச் சேர்ந்த எந்தக் கடையிலும், எந்திரத்தில் அமர்பவருக்குச் சொல்லாமல் எவரும் எதையும் அதில் ஏற்றக் கூடாது. இது என் தீர்மானம். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள். அந்த மூலையில்? நன்றி. தாய்மார்கள் பக்கம்? ஆகா, அலைபோல் எழுகிறது. தலைவர் அவர்களே, உங்கள் கை?

தூக்கிவிட்டார். இரண்டு கையையும் தூக்கிவிட்டார்!

அம்மா மருமகளே, எழுந்து நில். வெட்கப்படாதே, நன்றாகத் திரும்பி நின்று பார். இத்தனை கைகளும் உனக்காகத்தான். நாளை காலை உன் நாற்காலி உன்னுடையது. மாலையிலும் உன்னுடையதே.

என் பேச்சை இவ்வளவு நேரம் பொறுத்த பெருமக்களுக்கும், கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்ட செயலாளருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வாழ்க உங்கள் சுவர்கள், வளர்க அவற்றின் வண்ணங்கள். வணக்கம்.