முன்னேற வாய்ப்புள்ள கயிறு

எனக்குக் கைதட்டல் சத்தம் பிடிக்கும். வீட்டில் கிடைக்காததால் வேலை செய்யும் இடத்தில் அதற்கு ஏற்பாடு செய்துகொண்டேன் என்பாள் என் மனைவி.

கிடங்கின் மேலாளர் நான், ஐயா. 'பிரச்சினை' என்ற வார்த்தையை அங்கே தடை செய்ததும் நான்தான். அதற்குப் பதில் 'முன்னேற வாய்ப்பு' என்று சொல்ல வேண்டும். காலைக் கூட்டத்தில் யாராவது வாய் தவறிப் பழைய வார்த்தையைச் சொல்லிவிட்டால், மாற்றிச் சொல்லும்வரை எல்லோரும் கைதட்டுவார்கள். இதற்கு நிறுவனப் பண்பாடு என்று பெயர் வைத்தேன். கழிப்பறைக் குழாய் வறண்டுபோன அன்று, "தண்ணி வர வாய்ப்பிருக்கு சார்" என்றார் காவலாளி. பூரித்துப்போனேன். வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்ததும் நான்தான்.

சரக்கு லிஃப்டை ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. அந்த வேலையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் கூட்டத்தில் எழுந்து, "லிஃப்ட் கயிறு இழை இழையா விட்டுப்போச்சு சார். பெரிய பிரச்சினை" என்றான். எல்லோரும் தட்ட ஆரம்பித்தார்கள். அவன் மாற்றிச் சொல்லவில்லை. தட்டலும் ஓயவில்லை. கடைசியில், "கயிறு முன்னேற வாய்ப்பிருக்கு சார்" என்றான். நானே போய்க் கைகுலுக்கினேன்.

வெளியே வந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, விளையாடாதீங்க. அறுந்துடும்."

எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே புரிந்தது. ஆனால் சிறந்த பணியிட விருதுக்காக அன்று மதியம் நடுவர்கள் வருவதாக இருந்தது. ஓடாத லிஃப்டைப் பார்த்தால் சிரிப்பார்களே என்று பயந்தேன். என்னைப் பார்த்து நான் சிரித்துக்கொள்ளலாம், அடுத்தவன் சிரிக்கக் கூடாது. "இன்னைக்கு மட்டும் ஓட்டுடா" என்றேன். அக்கா புருஷன் சொல்கிறாரே என்று ஓட்டினான்.

மூன்றாம் மாடியிலிருந்து அவனோடு விழுந்தது. அப்போது கீழே நடுவர்களுக்குக் கைதட்டும் முறையைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தோம். நல்ல பலத்த தட்டல். லிஃப்ட் விழுந்தது எனக்குக் கேட்கவே இல்லை.

"பிரச்சினைன்னு உங்ககிட்ட முன்னாடியே சொன்னானா?" என்று மனைவி கேட்டாள்.

"சொன்னான். அப்புறம் மாத்திச் சொல்லிட்டான்" என்றேன். அவளிடம் பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

வாக்குமூலத்தில் 'தெரிந்தே சாகவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அந்தக் கடைசி வார்த்தைக்கு மட்டும் கொஞ்சம் நல்லதாக வேறு ஏதாவது இருக்குமா, ஐயா?