சகலை கட்டிய மாடி வீடு

பகல் பன்னிரண்டு மணி. மாம்பலம் ஏரியை வடித்துவிட்டுப் புதிதாகப் போட்ட ரோடு. காக்கைகூட இல்லை... ராத்திரியில்தான் பேய் வரும் என்று உங்களுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். பேய்க்கு அதெல்லாம் தெரியாது. விளக்கைத் தணித்துவிட்டு நெருங்கி உட்காருங்கள்.

என் சிநேகிதன் ஒருவனுடைய பெரியப்பா தங்கவேலுக்கு நடந்தது இது. அவரும் மண்ணாங்கட்டியும் சகலைகள். அக்கா தேவானை தங்கவேலுக்கு, தங்கை செண்பகம் மண்ணாங்கட்டிக்கு. ஏரி காய்ந்த இடத்தில் பக்கத்துப் பக்கத்து மனை. தங்கவேலின் வீடு முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. அஸ்திவாரத்தில் ஏரி ஊறிக்கொண்டே இருந்தது. நாலடி தள்ளி, அதே ஏரியில், மண்ணாங்கட்டிக்கு மட்டும் மாடி எழும்பியது. ஓலைக் கொட்டகையில் படுத்தபடி தங்கவேல் அதைப் பார்ப்பார். சோறு இறங்காது.

மாடிச் சாரத்தில் ஒரு திருஷ்டிப் பொம்மை தொங்கியது. வைக்கோல் உடம்பு, சட்டித் தலை. ஊரார் கண்ணையெல்லாம் அது வாங்கிக்கொண்டது.

"அது மட்டும் இல்லேன்னா, என் கண்ணு ஒண்ணே போதும்" என்று முனகினார் தங்கவேல்.

அந்த மத்தியானம் ஆட்கள் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். சாரத்தில் ஏறினார். கயிற்றை அறுத்தார். வைக்கோல்தானே... கனத்தது. ஓர் ஆள் கனம். அந்த வெயிலில் சொட்டச் சொட்ட ஈரம், செத்த கெண்டை நாற்றம். ரயில் பாதையோரக் குட்டையில் கொண்டுபோய்ப் போட்டார். களக்... பிறகு ஓர் இருமல். திரும்பினார். யாருமில்லை.

வந்து நின்று சகலை வீட்டை ஆசைதீரப் பார்த்தார். ஒரு செங்கல் அசையவில்லை.

சைக்கிளில் போன ஒருவன் நிமிர்ந்து பார்த்து, "இன்னாமா கட்டிக்கீறான்" என்றான். பட்... தங்கவேலின் புறங்கைத் தோல் வெடித்தது. ரத்தம் இல்லை. சுவர்ப் பூச்சு வெடிக்கிற மாதிரி.

மறுநாள் தபால்காரர் பார்த்தார். தோளில் பட்... பால்காரி பார்த்தாள். முழங்காலில் பட்... அவருக்குப் புரிந்துவிட்டது. பொம்மை வாங்க வேண்டியதையெல்லாம் இனி அவர்தான் வாங்க வேண்டும்.

அதே சாரத்தில் புதுப் பொம்மை நாலு கட்டிப் பார்த்தார். நாலும் விடிவதற்குள் அவர் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்திருந்தன. அப்புறம் ரோட்டில் நின்று, போகிறவர்கள் கண்ணைத் திருப்பிவிடுவதே பிழைப்பாகிவிட்டது.

"அந்தாண்ட பாத்துக்கினு போ நைனா. சுவரெல்லாம் ஓதம். மாடியில தேளு கீது."

செண்பகம் சிரித்தாள். "மாமாவுக்கு எங்க வூட்டு மேல இன்னா அக்கறைக்கா. காவக்காரன் கணக்கா நிக்கிறாரு."

ஒருவர் இருவர் நடந்தவரை சமாளித்தார். ஊர் சும்மா இருக்குமா? வரிசையாகக் கடைகள் வந்தன. பஸ் வந்தது. மின்சார ரயில் வந்தது. ஜன்னலுக்கு நாலு தலை, அத்தனையும் அந்த மாடியைப் பார்த்துத் திரும்பின. பட்... பட்... பட்... விளக்கெண்ணெய் தடவித் தடவித் தேவானைக்குக் கை ஓய்ந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டு மண்ணாங்கட்டியிடம் போனார். "பொம்மைய நான்தான் குட்டையில போட்டேன். மாடிய இடிச்சிடு சகலை. கால்ல விழறேன்."

"இடிக்கச் சொல்றது நீ இல்ல சகலை, உன் வயித்தெரிச்சல்" என்று மண்ணாங்கட்டி அவர் தோளில் தட்டினார். கையில் பொடி ஒட்டியது. துடைத்துக்கொண்டார். "மேல இன்னொரு மாடி எடுக்கறேன், பாத்துக்கினே இரு. ரயிலுக்கு நேரா கலர்க் கண்ணாடி. தாம்பரத்துலேந்து வர்றவன் வாயப் பொளக்கணும்."

கண்ணாடி பதித்த அன்று மத்தியானம், தேவானை கஞ்சியோடு கொட்டகைக்குள் போனாள். பாயில் ஆள் இல்லை. ஓர் ஆள் நீளத்துக்கு, கோடையில் ஏரி வெடிக்கிற மாதிரி வெடித்த களிமண். முழுதும் காய்ந்து கிடந்தது. தலைமாட்டில் மட்டும் இரண்டே இடத்தில் ஈரம்.

அவை இரண்டும் தட்டியின் சந்து வழியாகச் சகலை வீட்டு இரண்டாவது மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தன... ஒருதரம் இமைத்தன.