வாட்டர்லூவில் பாக்கி ஆட்டம்

மணி ஏழு இருக்கும். சித்தையன்கோட்டையிலிருந்து திண்டுக்கல் வரும் சாலை... முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் இல்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஸ்கூட்டரில் தனியாக வந்துகொண்டிருந்தார் பிராங்கிளின். என்னோடு வேலை பார்க்கும் ரீனாவின் சித்தப்பா. அவருக்கு நடந்தது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் நாகல் நகரில் அவர் தனிக்கட்டை. ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார். சாப்பாட்டு மேஜையையே வாட்டர்லூ போர்க்களமாக்கி வைத்திருந்தார். விரல் உயர ஈயச் சிப்பாய்கள், அவரே சாயம் பூசியவை. டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். நெப்போலியன் அவர். எதிரே இங்கிலாந்துக்காரனாக உட்கார ஊர் உலகத்தில் ஒரே ஆள்தான் கிடைத்தார்: சித்தையன்கோட்டை வெங்காய வியாபாரி ராமர். சனிக்கிழமை தவறாமல் வருவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனுஷன் மற்ற நாட்களைத் தள்ளினார். பேச்சுத்துணைக்கு வேறு யார் இருந்தார்கள்?

அன்றைக்கு முந்தின வாரம் ஆட்டம் பாதியில் நின்றது. நடுவில் ராமருக்கு மாரடைப்பு; பிழைக்கவில்லை. அவரை அடக்கம் செய்த பிறகு, அந்தக் கேத வீட்டிலிருந்துதான் பிராங்கிளின் அன்று கிளம்பினார்.

கேத வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். வாத்தியாருக்குத் தெரியாதா? ஆனாலும் எந்த வீட்டிலும் சொல்லிப் பழகிய வாய். செருப்பை மாட்டும்போது தவறிவிட்டது.

"போய்ட்டு வாரேன் ராமரு. ஆட்டம் பாக்கி இருக்கு."

ராமரின் மனைவி பழனியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்ணே... இந்த வீட்ல அதச் சொல்லலாமா?"

தென்னந்தோப்பு தாண்டியதும் ஸ்கூட்டரின் பின்பக்கம் கனத்தது. வெங்காய வாடை... பிராங்கிளின் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்து வளைவில் எதிரே லாரி வெளிச்சம். கண் கூசியது. அப்புறம் சத்தமே இல்லை.

வீடு வந்திருந்தது. எப்படி வந்தோம் என்று அவருக்கு நினைவில்லை. கரண்ட் இல்லை. ஹாலுக்குள் கால் வைத்தார்.

டக்... டக்... டக்...

மேஜையில் பகடை உருண்டு நின்றது. எதிர் நாற்காலியில் ஓர் உருவம்.

"வந்துட்டியா ராமரு?"

அவருக்குப் பயமே வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. தடவித் தடவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆடினார்கள். இருட்டிலும் சிப்பாய்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. பிரெஞ்சுப் படை மேட்டில் ஏறிவிட்டது. இன்னும் ஒரே உருட்டு, ஜெயம். வாழ்நாள் முழுக்க ஏங்கிய ஜெயம்.

பிராங்கிளின் பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"இன்னிக்குப் போதும் ராமரு. ஆட்டம் முடிஞ்சா நீ போயிருவ. நான் இங்க தனியாக் கெடக்கணும்."

நாற்காலி கிரீச்சிட்டது.

"நான் எங்கண்ணே வந்தேன்?" அதே குரல்தான்... கொஞ்சம் ஈரமாக. "நீங்கதான வாரேன்னு சொல்லி வந்திருக்கீங்க."

நாகல் நகரில் ஆட்டோ சத்தம் ஓயவே ஓயாது. பிராங்கிளின் காது கொடுத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை. ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். விரலில் மண் தட்டுப்பட்டது. குளிர்ந்த, நனைந்த மண். அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு பகடையை உருட்டினார்.

பாலத்தடியில் ஸ்கூட்டர் கிடைத்தது. ஆள் இன்றுவரை கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் ரீனாதான் மாற்றுச் சாவியால் வீட்டைத் திறந்தாள். மேஜையில் இங்கிலாந்துப் படை வரிசை கலையாமல் நின்றது.

பிரெஞ்சுப் பக்கம்... ஒரு சிப்பாய்கூட இல்லை. பகடையும் இல்லை.