பிந்தாமல் போன செய்தி

— அக்கா, எனக்கொரு சொல்லுச் சொல்லாமல் அம்மாவை எரிச்சுப்போட்டியளே!

— மெல்லக் கதை, பஞ்சலிங்கம். அத்தான் உள்ளுக்கை படுத்திருக்கிறார்.

— கொக்குவில் ஸ்ரேசனிலை இறங்கி, அவவின்ரை நெஞ்சுவருத்தத்துக்கு மருந்தும் கையுமாய்ப் படலையைத் திறக்கிறன், படத்துக்கு முன்னாலை விளக்கு எரியுது! அமெரிக்காவிலை நான் என்ன வேலை செய்யிறன் எண்டு தெரியுமே உங்களுக்கு?

— ஏதோ கொம்பியூட்டர் எண்டாய்.

— கனக்கக் கொம்பியூட்டரை ஒண்டாய்ப் பிணைச்சு, ஒரு பெரிய கணக்கைச் செய்விக்கிறம். ஒண்டு அனுப்பிற செய்தி கண்மூடித் திறக்கமுன்னம் மற்றதிட்டைப் போகவேணும். பிந்தினால் மிச்சமெல்லாம் சும்மா காத்துக்கொண்டு நிக்கும். அந்தச் சுணக்கத்தைக் குறைக்கிறதுதான் என்ரை வேலை. இஞ்சை, பெத்த தாய் செத்தது ஒரு மாசமாய் எனக்கு வந்து சேரேல்லை!

— சேர்ந்தது. அண்டைக்கே சேர்ந்தது. கோட்டையிலை இருந்து ஆமி அடிக்கிற செல் விழ விழ, இந்த மனிசன் ரவுணுக்குச் சைக்கிள் உழக்கிப்போய், தபால் கந்தோரிலை காத்துக் கிடந்து உனக்குக் கோல் எடுத்தது.

— அது சுகமில்லை எண்டெல்லோ சொன்னவர்! அம்மாவுக்குக் கடுமை, உடனை வா எண்டு.

— போனிலை ஆரடா செத்துப்போனா எண்டு சொல்லுறது? தனிய நிக்கிற பிள்ளை கேட்ட இடத்திலை விழுந்திடும் எண்டு, எங்கடை ஆக்கள் அப்பிடித்தானே சொல்லுவினம். எண்பத்திமூண்டுக் கலவரத்துக்கு முந்தி ஐயா செத்த நேரம், கொழும்பிலை நிண்ட உனக்கும் இப்பிடித்தான் சொன்னது. விழுந்தடிச்சு வந்தனி.

— அது... அந்தக் கிழமைதான் எங்கடை மெசினை முதன்முதலாய் முழுசாய் ஓடவிட்டுப் பார்க்கிற கிழமை, அக்கா. நான் விட்டிட்டு வந்தால் எல்லாரும் வேலையில்லாமல் நிக்கவேணும்.

— இஞ்சையும் எல்லாரும் நிண்டவை. ஐயர், பறைமேளம், ஊர்ச்சனம். கடைக்குட்டி நீதான் தாய்க்குக் கொள்ளி வைக்கவேணும், எத்தினை நாளெண்டாலும் சவத்தை வைச்சிருப்பம் எண்டு.

— செத்திட்டா எண்டு ஒரு சொல்லு! சொல்லியிருந்தால் அண்டைக்கே பிளேன் ஏறியிருப்பன். அத்தான் ஏன் சொல்லேல்லை?

— சொல்லத்தான் வாயெடுத்தவர். நீ முந்தியிட்டாய். "இப்ப வர ஏலாது, சீவன் போனால் அறிவியுங்கோ, வாறன்" எண்டனி. கேட்ட மனிசன் போனை வைச்சிட்டு வந்து, தானே கொள்ளி வைச்சது.